‘ஏழைகளின் ஊட்டி’னு சொல்லாதீங்க... ஏற்காட்டுக்குனு தனிக் கதை இருக்கு!

பல மொழி, பல மதம், பல ஊர்க்காரங்க கலந்து வாழுற இடம்னா நமக்கு உடனே சென்னை, கொழும்பு, சிங்கப்பூர்னு துறைமுக நகரங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். கப்பல் வந்து நிற்கிற ஊர், கூடவே ஆட்களும் வந்து இறங்கினாங்கனு காரணத்தையும் ஈஸியா சொல்லிடலாம். ஆனா, கடல் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத ஒரு மலை மேல, கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்துல, அதே மாதிரி ஒரு கலவை நடந்திருக்கு. அந்த ஊர் ஏற்காடு.

நம்மில் பலருக்கு ஏற்காடுன்னா ஒருநாள் டிரிப். காலையில பைக்கை எடுத்தா 20 கொண்டை ஊசி வளைவு, ஏரியில போட்டிங், லேடீஸ் சீட்ல செல்ஃபி, ஏரிக்கரையில சூடா பஜ்ஜி, சாயங்காலம் சேலம். ‘ஏழைகளின் ஊட்டி’னு ஒரு பட்டப்பெயர் வேற. ஊட்டிக்குப் போக முடியாதவங்க போற இடம்ங்கிற மாதிரி. இப்படிப் போய் வந்தா மலையைப் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது. இந்த மலைக்கு யார் யார் வந்தாங்க, எதுக்கு வந்தாங்க, எதை விட்டுட்டுப் போனாங்க, யார் இன்னும் இருக்காங்க? அடுத்த டிரிப்புக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க மக்களே!

சட்டுனு ஓர் அறிமுகம்

* எங்கே இருக்கு: சேலம் மாவட்டம், சேர்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி.
* உயரம்: ஊர் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். மலையின் உச்சியான சேர்வராயன் கோயில் பகுதி 5,326 அடி.
* பெயர்க் காரணம்: ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு.
* தூரம்: சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ.
* என்ன விளையுது: காபி, மிளகு, ஆரஞ்சு, பலா.
* ஒரு குறிப்பு: சென்னையிலிருந்து கிளம்புற ‘ஏற்காடு எக்ஸ்பிரஸ்’ ஏற்காட்டுக்குப் போகாது! அது ஈரோட்டுக்குப் போற ரயில். சேலம் ஜங்ஷன்ல இறங்கி, பஸ்ஸோ காரோ பிடிச்சு மலையேறணும்.

முதல்ல இருந்தவங்க யார்?

டிராவல் வீடியோக்கள்ல ‘ஏற்காட்டைக் கண்டுபிடித்தவர்’னு ஏதாவது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் வரும். ஆனா, அவங்க குதிரையில ஏறி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க ஊர் இருந்துச்சு, வயல் இருந்துச்சு, கோயில் இருந்துச்சு. அந்த மக்களுக்குப் பெயர் மலையாளிகள்.

இந்த இடத்துல கேரளாவை நினைச்சுடாதீங்க. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர்ங்கிற அர்த்தத்துல வந்த பெயர் இது. இவங்க தாய்மொழி தமிழ். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாதுமலைனு கிழக்குத் தொடர்ச்சி மலைகள் முழுக்கப் பரவி வாழுறாங்க. தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் இவங்கதான்.

இவங்ககிட்ட வழிவழியா வர்ற கதை ஒண்ணு உண்டு. முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்க, மற்ற இருவரும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனாங்களாம். கரிராமன் என்ற தெய்வத்தையும் காஞ்சியிலிருந்தே கொண்டு வந்ததா சொல்றாங்க. அதாவது, இந்த மலையின் பூர்வகுடிகளே ‘நாங்களும் ஒரு காலத்துல வெளியிலிருந்து வந்தவங்கதான்’னு கதை சொல்றாங்க. ‘நாங்க மட்டும்தான் இங்கே, மத்தவங்க எல்லாம் அந்நியர்’னு பேசுறவங்க நிறைஞ்ச காலத்துல, இது கொஞ்சம் யோசிக்க வைக்கிற கதை.

மலைக்கே பெயர் கொடுத்தவர் சேர்வராயன் சாமி. அதைத்தான் ஆங்கிலேயர் ‘ஷெவராய்’னு எழுதினாங்க. உச்சியில ஒரு குகைக்குள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்காங்க. குனிஞ்சுதான் உள்ளே போகணும். மே மாசம் நடக்கிற திருவிழாவுக்குச் சுற்றியிருக்கிற மலைக்கிராமங்களே திரண்டு வரும். நமக்கு மே மாசம்னா கோடை விழா, மலர்க் கண்காட்சி. அவங்களுக்கு மே மாசம்னா சேர்வராயன் பண்டிகை.

பழைய கணக்குப்படி இந்த மலை சேலநாடு, மோகநாடு, முட்டநாடுனு மூன்று நாடுகளா பிரிஞ்சிருந்துச்சு. சாமை, ராகி மாதிரியான சிறுதானியங்கள்தான் முக்கிய விளைச்சல். இன்னிக்கு நகரத்து ஹெல்த் ஸ்டோர்ல பாக்கெட் போட்டு விற்கிற அதே சாமைதான்.

காபி வந்தது... எல்லாம் மாறிச்சு!

1792-ல், மூன்றாம் மைசூர் போருக்குப் பிறகு, திப்பு சுல்தானிடமிருந்து சேலம் பகுதி கிழக்கிந்திய கம்பெனியின் கைக்குப் போச்சு. 1820-களில் சேலம் கலெக்டரா இருந்தவர் எம்.டி.காக்பர்ன். ஏற்காட்டுக்கு காபியைக் கொண்டுவந்தவர்னு இவரைத்தான் சொல்றாங்க. காபியோட நிறுத்தலை. ஆரஞ்சு, பேரிக்காய்னு பல பழ மரங்களையும் நட்டுப் பார்த்தார். அவர் காலத்துல உருவான ‘கிரேஞ்ச்’ எஸ்டேட் ஏற்காட்டின் பழமையான எஸ்டேட்களில் ஒண்ணு.

காபிச் செடியோட பயணத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிறந்தது எத்தியோப்பியா. அங்கிருந்து செங்கடலைத் தாண்டி ஏமன். ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து உலகம் முழுக்க. கடைகள்ல நாம ஆர்டர் பண்ற ‘மோக்கா’வுக்கு அந்தத் துறைமுகத்தோட பெயர்தான்! அந்தச் செடி சேலத்து மலை வரைக்கும் ஏறி வந்து, தமிழ்நாட்டு டிகிரி காபி டம்ளர்ல முடிஞ்சிருக்கு. கடலே இல்லாத ஏற்காட்டுக்கும் துறைமுகத்துக்கும் இதுதான் சம்பந்தம்.

அராபிகா காபிக்கு நேரடி வெயில் ஆகாது, நிழல் வேணும். அதனாலதான் எஸ்டேட் முழுக்க உயரமா சில்வர் ஓக் மரங்கள் நிற்குது. இந்த மரத்தோட சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அதுமேல சுத்தி ஏறியிருக்கிறது நம்ம ஊர் மிளகுக்கொடி. கீழே ஆப்பிரிக்காவில் பிறந்த காபி. ஒரே ஏக்கர்ல மூணு கண்டம்! கோடை மழை ஒண்ணு பெய்ஞ்சதும், மார்ச் - ஏப்ரல்ல செடி முழுக்க வெள்ளைப் பூ பூக்கும். மல்லிகை மாதிரி வாசனை. பூ சில நாள்தான் இருக்கும். நவம்பரிலிருந்து பழம் சிவக்க ஆரம்பிக்கும், பறிப்பும் தொடங்கும். ஒரு செடியில எல்லாப் பழமும் ஒரே நேரத்துல பழுக்காது. அதனால, பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்து கையால பறிக்கணும். இந்த வேலையைச் செய்ற கைகள்ல பெரும்பாலானவை பெண்களோட கைகள்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. எஸ்டேட்கள் பெருகப் பெருக, மலையாளிகள் காலங்காலமா பயிர் பண்ணின, ஆடு மாடு மேய்ச்ச மலைச்சரிவுகள் வேலிக்குள்ள போச்சு. சொந்தமா சாமை விதைச்சவங்கள்ல பலர், அடுத்தவர் தோட்டத்துல கூலிக்குப் போக வேண்டியதாச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் இந்திய முதலாளிகள் கைக்கு வந்துச்சு. கூலிக்குப் போறவங்க நிலை அதே அளவுக்கு மாறிடலை. நாம ‘வாவ்... பச்சைப்பசேல்’னு வீடியோ எடுக்கிற ஒவ்வொரு காபித் தோட்டத்துக்குப் பின்னாடியும் இந்தக் கணக்கு இருக்கு.

நெட்ல சுத்துற ரெண்டு தப்பு

ஏற்காடு பற்றித் தேடினா பல பக்கங்கள்ல இந்த ரெண்டு தகவலும் வரும். ரெண்டையும் நம்பாதீங்க பாஸ்.

ஒண்ணு: ‘1842-ல் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டை சர்வே செய்து கண்டுபிடித்தார்.’ மன்றோ 1827-லேயே காலரா வந்து பத்திகொண்டாவில் இறந்துட்டார். 15 வருஷம் கழிச்சு எப்படி சர்வே பண்ணுவார்? மன்றோ இந்தப் பகுதியில வேலை பார்த்தது உண்மைதான். ஆனா அது 1792-க்குப் பிறகு, இளம் அதிகாரியா இருந்தப்போ.

ரெண்டு: ‘ராபர்ட் கிளைவ் கிரேஞ்ச் பங்களாவில் தங்கியிருந்தார்.’ கிளைவ் இறந்தது 1774-ல், இங்கிலாந்தில். அப்போ சேலம் பகுதியே கம்பெனி கையில இல்ல.

ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் காப்பி பண்ணி, அதை வீடியோவாக்கி, இப்போ இதுதான் வரலாறுன்னு ஆகிடுச்சு. இறந்த வருஷத்தை ஒருமுறை தேடிப் பார்த்திருந்தாலே போதும்!

சர்ச்சுக்குள்ள இருக்கு யாழ்ப்பாண கனெக்‌ஷன்

ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்துல இருக்கு ஹோலி டிரினிட்டி சர்ச். பெரும்பாலான டூரிஸ்ட் லிஸ்ட்ல இருக்காது. ஆனா, தமிழையும் தமிழ்நாட்டு வரலாற்றையும் நேசிக்கிறவங்க போக வேண்டிய இடம். காரணம், ஏற்காட்டில் வாழ்ந்த ஒரு மாமனாரும் மருமகனும்.

மாமனார், பீட்டர் பெர்சிவல். இங்கிலாந்திலிருந்து 1826-ல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்ட் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தினார். பைபிளை நல்ல தமிழில் மொழிபெயர்க்க நினைச்சப்போ, அவர் துணைக்கு வெச்சுக்கிட்டது யாரை தெரியுமா? ஆறுமுக நாவலரை! பின்னாளில் சைவத்துக்காக கிறிஸ்தவ மிஷனரிகளை எதிர்த்து நின்ற அதே நாவலர்தான். பெர்சிவல் பிறகு சென்னைக்கு வந்து, பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரா இருந்தார். 1850-களில் ‘தினவர்த்தமானி’ங்கிற தமிழ் வார இதழைத் தொடங்கினார். சங்க நூல்களைப் பதிப்பித்த சி.வை.தாமோதரம் பிள்ளை அதில் ஆசிரியரா வேலை பார்த்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் தேடித்தேடிச் சேர்த்து, ஆங்கில மொழிபெயர்ப்போட புத்தகமாவும் போட்டார். 1874-ல் வந்த பதிப்பில் 6,000-க்கும் அதிகமான பழமொழிகள். 1882-ல் இந்த மனிதர் காலமானது ஏற்காட்டில்.

மருமகன், ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30 அன்று சென்னை பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்தார். சாதாரணக் கல் இல்லை, ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தாங்கனு நிரூபித்த முதல் ஆதாரம் அது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடிச்சாங்க. அங்கே கிடைத்த கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவைனு 2011-ல் வெளியான ஆய்வு சொல்லுது.

ஃபூட் ஓய்வுக்காலத்துல வாழத் தேர்ந்தெடுத்த ஊர் ஏற்காடு. சேர்வராயன் மலையிலும் புதிய கற்காலத்து வழவழப்பான கல் கோடரிகள் கிடைச்சிருக்கு. மலைவாசிகள் சிலர் அந்தக் கற்களைப் பிள்ளையார் கோயில்களில் வெச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அறிவியலுக்கு அது கருவி, அவங்களுக்கு அது சாமி. ரெண்டு பேரும் அதை பத்திரமாதான் பாதுகாத்தாங்க. 1912 டிசம்பர்ல ஃபூட் கல்கத்தாவில் இறந்தார். அவரோட அஸ்தி ஏற்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டு ஹோலி டிரினிட்டி சர்ச்சில் வைக்கப்பட்டது. அவர் சேகரித்த கற்கருவிகள் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கு.

பிரான்ஸிலிருந்து வந்த பள்ளிக்கூடம்

காலையில ஏற்காடு ரோட்டுல யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளைப் பார்க்கலாம். இது ஒரு பள்ளிக்கூட ஊரும்கூட. 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கியது பிரான்ஸில் தோன்றிய புனித கபிரியேல் சகோதரர்கள் சபை. பெண்களுக்கான சேக்ரட் ஹார்ட் பள்ளியை நடத்துற கன்னியாஸ்திரிகள் சபையும் பிரான்ஸில் பிறந்ததுதான். நடிகர் விக்ரம், எழுத்தாளரும் எம்.பி-யுமான சசி தரூர் ஆகியோர் மான்ட்ஃபோர்டில் படிச்சவங்க.

வெளியூர்ப் பிள்ளைகள் இங்க வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்க, மலைக்கிராமத்துப் பிள்ளைகள் பலர் அரசுப் பள்ளிகள்லயும் உண்டு உறைவிடப் பள்ளிகள்லயும் படிக்கிறாங்க. ஒரே மலை, ஒரே குளிர். ஆனா, வாய்ப்புகள் ஒண்ணு இல்ல. மலையாளிகளுக்கு சேலம் உள்ளிட்ட மாவட்டங்கள்ல பழங்குடி அந்தஸ்து இருக்கு. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கான தனித்தொகுதி. ஆனா, பட்டியலில் ஈரோடு பகுதி சேர்க்கப்படாததால, பர்கூர் மலையில் வாழுற மலையாளிகளுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கலை. ஒரே சமூகம், மாவட்டம் மாறினா சலுகையும் மாறிடுது. ரொம்ப காலமா அவங்க கேட்டுக்கிட்டு இருக்கிற நியாயம் இது.

மலையை வெட்டின காலம்

சேர்வராயன் கோயில் பக்கம் போறப்போ மண்ணோட நிறத்தைக் கவனிங்க. செக்கச்செவேல்னு இருக்கும். அலுமினியத்துக்கு மூலப்பொருளான பாக்சைட் இருக்கிற மண் அது. 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்தப்போ, அதுக்கான பாக்சைட் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டி எடுக்கப்பட்டுச்சு. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது நின்னுச்சு. காபிக்காக வந்தவங்க மலையின் மேல்தோலை மாத்தினாங்கன்னா, இது மலையையே சுரண்டின வேலை. இன்னிக்கு மலையில ரிசார்ட்டும் பிளாட்டும் வந்துக்கிட்டு இருக்கு. அதாவது, இப்போ மலைக்கு வந்துக்கிட்டு இருக்கிற புது ஆட்கள் நாமதான்!

இந்த முறை இப்படிப் போய்ப் பாருங்க

ரெண்டு நாள் கிடைச்சா இந்த வரிசை சரியா இருக்கும்.

* முதல் நாள் காலை: கூட்டம் வர்றதுக்கு முன்னாடி சேர்வராயன் கோயில். குகைக்குள்ள போறப்போ அது டூரிஸ்ட் ஸ்பாட் இல்ல, கோயில்னு ஞாபகம் இருக்கட்டும்.
* மதியம்: தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம். 1963-ல் தொடங்கினது. பூச்சியைப் பிடிச்சுத் தின்னும் குடுவைச் செடியை இங்க பார்க்கலாம்.
* மாலை: பகோடா பாயின்ட். கோபுரம் மாதிரி அடுக்கி வெச்ச கற்குவியல்களால வந்த பெயர் இது. பக்கத்துல ராமர் கோயிலும் இருக்கு. மேலே படிச்ச காஞ்சிபுரத்துக் கதை ஞாபகம் வரும்.
* ரெண்டாம் நாள்: ஹோலி டிரினிட்டி சர்ச், பிறகு ஏரி. மழைக்காலம்னா கிளியூர் அருவி. கோடையில போனா பாறை மட்டும்தான் இருக்கும், ஏமாறாதீங்க.
* வாங்க வேண்டியவை: தோட்டத்து மிளகு, காபித்தூள், சீசன்ல ஆரஞ்சு. காபித்தூள் வாங்குறப்போ சிக்கரி எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க.

வண்டி ஓட்டுறவங்களுக்கு: ஏறுறப்போ எந்த கியரோ, இறங்குறப்போவும் அதே கியர். நியூட்ரல்ல இறக்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க. கொண்டை ஊசி வளைவுல மேலே ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும். கனமழை நாட்கள்ல மண் சரிவு ஏற்படலாம். அப்போ மலைப்பாதை திறந்திருக்கான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. குப்பனூர் வழியா இன்னொரு பாதையும் இருக்கு.

குப்பை விஷயம்: ஏரி நிரம்பி வழியுற தண்ணிதான் கிளியூர் அருவிக்குப் போகுது. நாம ஏரிக்கரையில விடுற பாட்டிலும் அதே வழியிலதான் போகும். கீழே இருக்கிற கிராமத்துக்காரங்க அதே தண்ணியைத்தான் நம்பியிருக்காங்க. குரங்குக்கு சிப்ஸ் கொடுக்கிறதையும் விட்டுடுங்க. பழகிட்டா அது கேட்காது, பிடுங்கும்.

மலைக்கிராமத்துப் பக்கம் போனா, கேமராவைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. பெரியவங்களா இருந்தா ‘அண்ணா’, ‘அக்கா’, ‘தாத்தா’ன்னு கூப்பிட்டுப் பேச்சு கொடுங்க. அவங்க தமிழ்தான் பேசுறாங்க, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்! சேர்வராயன் பண்டிகை இந்த வருஷம் எப்போன்னு கேட்டுப் பாருங்க. எந்த இணையப் பக்கத்தையும்விட சரியான தகவல் அவங்ககிட்டதான் கிடைக்கும்.